கவிதையைத் திருத்தி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, எழுதியதை வாசித்துப் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் எழுதுவதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. எழுதி முடித்ததை என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு அடுத்தவர் கவிதையை எடுத்துப் பிரித்துப் போடுவது நியாயமாக இருக்காது. அதனால் என்னுடைய கவிதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கவிதை தானாக வருவது. அதைத் திருத்தினால் உயிர் போய்விடாதா?

மோசமாகத் திருத்தினால் போகும். ஆனால் முதலில் வந்ததெல்லாம் தானாக வந்தது என்று சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். வேகத்தில் எழுதும்போது கைக்கு முதலில் கிடைப்பது ஏற்கெனவே யாரோ எழுதிய வரி, கேட்டுக் கேட்டு ஊறிப்போன பாட்டு, மேடைப் பேச்சு. நம்முடைய சொல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் வடக்கு நோக்கி நடைபயணம் போனபோது, ஒரு மலைக்கோயிலில் சிள்வண்டுச் சத்தம் கேட்டு ஒரு ஹைக்கூ எழுதினார். கூடப் போன சீடர் சோரா குறித்து வைத்த வடிவத்தில் அது 'மலைக்கோயில்' என்று தொடங்குகிறது. சத்தம் கல்லில் ஊறி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் வந்த ஒரு வடிவத்தில் தொடக்கம் 'தனிமை' ஆகிவிட்டது, கல் பாறையாகிவிட்டது. கடைசி வடிவம்தான் இன்று எல்லோரும் படிப்பது: எவ்வளவு அமைதி, பாறைக்குள் இறங்குகிறது சிள்வண்டின் குரல்.

முதலில் இடத்தின் பெயர். அடுத்து தன் மனநிலை. கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, அந்த மலையில் உண்மையில் இருந்த ஒன்றுக்கு வந்து சேர்கிறார். சிள்வண்டு விடாமல் கத்தும் இடத்தை அமைதி என்று சொல்ல, கேட்ட அன்றைக்கு அவருக்கே தோன்றவில்லை. நீங்கள் கேட்கும் அந்த உயிர், இந்தக் கவிதைக்குத் திருத்தத்தில்தான் வந்தது.

எழுதியதும் திருத்தலாமா, ஆறப் போட வேண்டுமா?

ஆறப் போடுங்கள். எத்தனை நாள் என்று கணக்கு இல்லை. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: கவிதை மனப்பாடமாக இருக்கும்வரை தொடுவதில்லை. அதுவரை கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதைத்தான் படிக்கும். அடுத்த வரி என்ன என்று மறந்துபோகும் அளவுக்கு நாளானால், அன்றைக்கு எடுத்துப் படியுங்கள். எங்கே சலிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சரி, எடுத்துவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது?

சொல்லில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் 'இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு நல்ல சொல்' என்றுதான் தொடங்குகிறார்கள். முதலில், எதைப் பார்த்து எழுதினோமோ அதைத் திரும்பப் போய்ப் பாருங்கள். என் கவிதையை வைத்தே சொல்கிறேன்.

என் அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். கோவையில் மில் சங்கு ஊதுவதை வைத்துத் தெருவே மணி பார்த்துக்கொண்ட காலம் அது. மில் மூடிப் பல வருஷம் கழித்து நான் எழுதிய முதல் வடிவம்:

மௌனமான சங்கு

அன்று
ஆலையின் சங்கொலி
எங்கள் இல்லத்தின் கடிகாரம்!
அதிகாலையில் அதைக் கேட்டே
அப்பாவின் விழிகள் மலரும்...
இன்று
ஆலை மூடிவிட்டது
சங்கு மௌனமாகிவிட்டது
ஆனாலும் அப்பா
நான்கு மணிக்கே எழுந்து
வெறுமையை வெறித்தபடி
அமர்ந்திருக்கிறார்
ஒரு பழைய இயந்திரம் போல.
முதலாளித்துவமே!
உன் கணக்கில்
ஒரு தொழிலாளியின் உறக்கத்திற்கு
விலை என்ன?

இதைக் கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். அப்புறம் டீ குடிக்கும்போது வயதில் மூத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்கப்பா நெசமாவே வெறுமையை வெறிச்சுக்கிட்டா உக்காந்திருந்தார்?"

இல்லை என்றேன்.

"அப்ப என்ன பண்ணினார்?"

பதில் சொல்ல முடியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா உட்காரவே மாட்டார். எழுந்ததும் சைக்கிளை வாசலுக்கு எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிப்பார். கை பம்பு. அடித்துவிட்டு மறுபடி உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். அப்புறம் அவர் குரல். முப்பது வருஷம் மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசிய ஆள், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். நாலு மணி இருட்டில் "சங்கு ஊதிருச்சா?" என்று அவர் கேட்பது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அம்மா உள்ளே படுத்தபடியே பதில் சொல்வார்: "இன்னும் ஊதலீங்க. படுங்க."

இது எதுவுமே என் கவிதையில் இல்லை. எல்லாவற்றையும் நேரில் கண்ட நான், யாரோ எழுதிவைத்த 'வெறுமையை வெறித்தபடி'யைக் கடன் வாங்கிப் போட்டிருந்தேன். அதை வெட்டியது பெரிய வேலை இல்லை. சைக்கிள் பம்பு ஞாபகத்துக்கு வந்ததுதான் பெரிய வேலை.

அதனால், எடுத்ததும் ஒவ்வொரு வரியிடமும் அந்த நண்பரின் கேள்வியைக் கேளுங்கள். நிஜமாகவே அப்படித்தான் நடந்ததா? இல்லையென்றால் என்ன நடந்தது? கற்பனைக் கவிதையாக இருந்தாலும் இதே கேள்விதான். கற்பனையிலும் ஆள் எங்கே நின்றார், கையில் என்ன வைத்திருந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

திருத்துவது என்றால் வெட்டுவதுதானே? சுருங்கச் சுருங்கக் கவிதை நன்றாகும் என்கிறார்களே?

அப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததில் அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டுக்குப் பங்கு உண்டு. பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே அழகான முகங்களைப் பார்த்து முப்பது வரி எழுதினாராம். திருப்தி இல்லாமல் கிழித்தார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். இன்னும் ஒரு வருஷம் கழித்து இரண்டே வரி. 1913இல் வெளியான அந்த இரண்டு வரிதான் நின்றது. இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறோம். அவர் ஒன்றரை வருஷம் அந்த முகங்களை மனதில் வைத்திருந்தார் என்பதைக் கவனிப்பதில்லை.

நானும் எடுத்தேன். சைக்கிள், பம்பு, குரல் எல்லாம் போட்டு இருபது வரி எழுதி, பிறகு வெட்டி வெட்டி இப்படிக் கொண்டுவந்து நிறுத்தினேன்:

"சங்கு ஊதிருச்சா?"
"இன்னும் ஊதலீங்க. படுங்க."

மில் மூடிப்
பதினோரு வருஷம்.

படித்தவர்கள் 'அட!' என்றார்கள். எனக்கும் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உறுத்தத் தொடங்கியது. மில் மூடிய செய்தியைக் கடைசிவரை ஒளித்துவைத்துப் பட்டென்று திறந்து காட்டியிருக்கிறேன். பத்திரிகைத் துணுக்கு வேலை செய்கிற விதம் அது. இரண்டாம் முறை படித்தால் ஒன்றும் மிச்சமில்லை. அதைவிட, அப்பாவும் அம்மாவும் அதில் ஆளாகவே இல்லை, இரண்டு குரலாக மட்டும் நிற்கிறார்கள். சைக்கிளை வெட்டியது தப்பு என்று புரிந்தது.

கடைசி வரியை முதல் வரியாக்கினேன். வாசகருக்கு எல்லாம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொண்டே அப்பாவின் கேள்வியைக் கேட்கிறார், தெரிந்துகொண்டே அம்மாவின் பதிலையும் கேட்கிறார். சிறு பத்திரிகை ஒன்றில் வந்த வடிவம் இது:

காலை ஷிப்டு

மில் மூடிப் பதினோரு வருஷம்.
நாலு மணிக்குச்
சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார் அப்பா.

"சங்கு ஊதிருச்சா?"
மிஷின் சத்தத்துக்கு மேலே
பேசிப் பழகின குரல்.

இருட்டுக்குள்ளிருந்து அம்மா:
"இன்னும் ஊதலீங்க.
படுங்க."

முதலாளித்துவத்தைப் பற்றிய கேள்வி போய்விட்டது. அந்தக் கோபம் பொய் இல்லை, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நாலு மணிக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு ஒரு கட்டுரை எழுதலாம், நான் எழுதியும் இருக்கிறேன்.

எந்தெந்தச் சொற்களை முதலில் சந்தேகப்பட வேண்டும்?

'ஒரு' என்பதை எண்ணிப் பாருங்கள். 'ஒரு மாலை', 'ஒரு பறவை', 'ஒரு மௌனம்' என்று நம்மை அறியாமல் குவிந்திருக்கும். தமிழில் பெரும்பாலான இடங்களில் அது தேவையே இல்லை. அடுத்து 'நான்'. வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். 'நான் வந்தேன்' என்பதில் நான் எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'போல' வந்தால், ஒப்பிட்ட பொருளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். என் அப்பாவைப் பழைய இயந்திரம் போல என்று எழுதியதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. இயந்திரத்தோடு வேலை பார்த்த மனிதரை இயந்திரமாக்கிவிட்டேன்.

அப்புறம், கவிதைக்கென்றே உடுத்திக்கொண்டு வரும் சொற்கள். விழி, இதழ், இல்லம், மௌனம், வெறுமை, சிறகு. இவை கெட்ட சொற்கள் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கண் என்று சொல்லிவிட்டுத் தாளில் மட்டும் விழி என்று எழுதினால், எழுதும்போது நாம் வேறு ஆளாகிவிட்டோம் என்று அர்த்தம். என் வீட்டில் யாரும் 'சங்கொலி' என்றோ 'ஆலை' என்றோ சொன்னதில்லை. சங்கு, மில். அவ்வளவுதான்.

கம்பரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று இங்கே பொருந்தும். குரங்குகள் மலையைப் பெயர்த்துக் கடலில் போடும் இடத்தில், தெறித்த நீர்த்துளியைத் 'துமி' என்ற சொல்லால் கம்பர் பாட, அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் கேட்டாராம். விடை தேடி எல்லோரும் தெருவுக்குப் போக, அங்கே தயிர் கடைந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்து, துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள் என்றாளாம். கலைமகளே வந்தாள் என்பது கதை. எனக்குப் பிடித்தது, காப்பியத்தில் வந்த சொல்லுக்கு மோர்ப்பானை பக்கத்திலிருந்து சாட்சி வந்தது.

ஆச்சரியக்குறி, மூன்று புள்ளி: இரண்டையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். வரி தளர்ந்தால் வரியில்தான் கோளாறு.

வரியை எங்கே உடைப்பது? சந்தி எழுத்தை என்ன செய்வது?

இதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை, தாளின் அகலத்துக்கு உடைத்துக்கொண்டே போகிறோம். தமிழில் வினை கடைசியில் வரும். யார், எப்போது, நடந்ததா நடக்கவில்லையா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் திறக்கும். அதனால் வினைக்கு முன்னால் உடைத்தால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நிறுத்தம் வேண்டிய இடத்தில் மட்டும் அப்படி உடையுங்கள்.

வினையை முன்னால் தள்ளி எழுவாயைக் கடைசியில் வைப்பது இன்னொரு பழக்கம். 'வந்தாள் அவள்', 'பெய்தது மழை'. எல்லா வரியிலும் இப்படிச் செய்தால் அது நடை ஆகாது, வெறும் பழக்கமாகத் தேய்ந்துவிடும். 'காற்றடிக்கிறார் அப்பா' என்று நான் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. படுக்கையில் இருந்த எனக்கு முதலில் கேட்டது பம்புச் சத்தம். அதற்குப் பிறகுதான் அது அப்பா என்று உறைத்தது. காதில் விழுந்த வரிசையிலேயே சொல்லும் நிற்கிறது. இப்படி ஒரு காரணம் சொல்ல முடியாவிட்டால் வாக்கியத்தை நேராகவே விடுங்கள்.

வரி முடிவில் வல்லினம் மிகுமா என்பதற்கு என் வழக்கம்: குரல் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓட வேண்டுமானால் ஒற்றைப் போடுவேன், நிற்க வேண்டுமானால் போடமாட்டேன். 'நாலு மணிக்குச்' என்று எழுதியது ஓடுவதற்காக. இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். ஓசை கூடிவராத வரியை நாக்கு நுனியில் ஆயிரம் முறை உருட்டு என்று பாஷோ சீடர்களுக்குச் சொன்னதாகச் சொல்வார்கள். நான் பத்து முறை உருட்டுகிறேன், அதற்கே பலன் இருக்கிறது.

நான் வெண்பா எழுதுகிறேன். ஒரு சொல்லை மாற்றினால் தளை தட்டிவிடுகிறது. மரபில் எப்படித் திருத்துவது?

உண்மைதான், வெண்பாவில் ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கல்லும் ஆடும். ஒரு சீர் முடியும் விதமும் அடுத்த சீர் தொடங்கும் விதமும் பொருந்துவதுதான் தளை. நேர், நிரை என்பவை சீரைக் கட்டும் அசைகள். தேமா, தேமாங்காய் என்பவை சீர்களின் பெயர்கள். சின்ன உதாரணம். 'வீட்டுக்கு வந்தான்' என்று இருக்கிறது. 'வீட்டுக்கு' தேமாங்காய், 'வந்தான்' நேரில் தொடங்குகிறது. காய் முன் நேர், தளை சரி. 'வீட்டுக்கு' நீளமாக இருக்கிறதே என்று 'வீடு வந்தான்' ஆக்கினால் போச்சு. 'வீடு' தேமா, மாவுக்கு முன் நிரை வர வேண்டும், 'வந்தான்' நேர். உடனே பலரும் இடத்தை நிரப்ப ஓர் அசையை, அந்த 'ஏ', 'தான்', 'அங்கு' போன்றவற்றைச் செருகுகிறார்கள். அதைத்தான் செய்யக்கூடாது என்பேன். 'வீடு திரும்பினான்' என்று பாருங்கள். 'திரும்பினான்' நிரையில் தொடங்குகிறது, தளை கூடிவிட்டது. கூடவே 'வந்தான்' சொல்லாத ஒன்று, அவன் போயிருந்தான் என்பது, உள்ளே வந்துவிட்டது. தளை தட்டும்போது யாப்பு உங்களை வேறு சொல்லைத் தேடச் சொல்கிறது. அந்தத் தேடலில் கிடைப்பது பல நேரம் முதல் சொல்லைவிட நல்லதாக இருக்கிறது.

எதுகைக்காகப் பொருளை வளைத்திருந்தால் மட்டும் அந்த அடியையே தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒட்டுப் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

என் கவிதையில் என்ன குறை என்று பார்க்க ஏதாவது பட்டியல் இருக்கிறதா?

இருக்கிறது, பதிமூன்றாம் நூற்றாண்டிலிருந்து. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்தது. கவிதை திருத்த உட்கார்ந்தபோதுதான் இது எவ்வளவு கூர்மையான பட்டியல் என்று எனக்குத் தெரிந்தது.

என் முதல் வடிவத்தையே இதில் வைத்துப் பாருங்கள். ஆலை மூடிவிட்டது, சங்கு மௌனமாகிவிட்டது என்று அடுத்தடுத்து வருவது கூறியது கூறல். 'வெறுமையை வெறித்தபடி' ஓசை இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை: வெற்றெனத் தொடுத்தல். அப்பாவைச் சொல்லவந்து முதலாளித்துவத்துக்குத் தாவியது மற்றொன்று விரித்தல். நான்கு வரியில் சொல்ல வேண்டியதைக் குன்றக் கூறி, வேண்டாததை மிகைபடக் கூறியிருக்கிறேன். இரண்டும் ஒரே கவிதையில் இருக்க முடியும் என்பதே அன்றைக்கு எனக்குப் புதிய செய்தி.

எங்கள் கூட்டத்தில் அதிகம் தென்படுவது சென்றுதேய்ந்து இறுதல். மூன்று நல்ல வரி, பிறகு அந்த மூன்று வரிக்கு எழுதியவரே சொல்லும் விளக்கம். வாசகருக்குப் புரியாதோ என்ற பயம்தான் காரணம். கடைசி மூன்று வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். கவிதை அங்கேயே முடிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

யாரிடம் காட்டுவது? அவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா?

இந்த வழக்கம் நமக்குப் பழையது. அரங்கேற்றம் என்பதே சபையில் வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லி, ஒப்புதல் வாங்குவது. தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகத்தான் பாயிரம் சொல்கிறது. கந்தபுராணத்துக்கு வழங்கும் கதை இன்னும் அழகு. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் தினமும் பாடி ஏட்டை முருகன் சந்நிதியில் வைப்பாராம். மறுநாள் காலை திருத்தங்களோடு இருக்குமாம். அப்படியும் அரங்கேற்றத்தன்று முதல் பாட்டின் 'திகட சக்கர' என்ற தொடக்கத்திலேயே, 'திகழ் தசக்கரம்' இப்படிப் புணராதே என்று சபையில் ஒருவர் எழுந்துவிட்டார். வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் மேலே போக முடிந்தது. கடவுள் பார்த்துக் கொடுத்த பிரதிக்கே சபையில் கேள்வி வந்திருக்கிறது. நாம் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

சீனத்தில் திருத்தி எழுதுவதற்கு 'தள்ளு, தட்டு' என்ற பொருள் தரும் இரண்டெழுத்துச் சொல்தான் இன்றும் வழங்குகிறது. தாங் காலத்துக் கவிஞர் ஜியா தாவ், துறவி நிலவொளியில் கதவைத் 'தள்ளுகிறான்' என்பதா, 'தட்டுகிறான்' என்பதா என்று கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டே போய், ஹான் யூ என்ற பெரிய அதிகாரியின் பரிவாரத்தில் மோதிவிட்டாராம். ஹான் யூவும் கவிஞர். கோபிக்காமல் நின்று யோசித்து, 'தட்டு' என்றாராம். இருட்டில் ஒரு சத்தம் கேட்கிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காகத் தெருவில் நின்று யோசிக்கும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை 1922இல் வெளிவருமுன் பவுண்டு அதில் பெரும்பகுதியை வெட்டினார். அந்தக் கைப்பிரதி 1971இல் அச்சானபோதுதான் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்தது. எலியட் பலவற்றை ஏற்றார், சிலவற்றை ஏற்கவில்லை.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒருவர் 'இங்கே இடிக்கிறது' என்று சொன்னால் நம்புங்கள், இடிப்பது அவருக்கு. 'இப்படி மாற்று' என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள். 'காலை ஷிப்டு' வாசித்தபோது ஒரு பெண், "அப்பாவுக்கு ஞாபக மறதியா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து 'மறந்துவிட்டாரா, தெரியவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நாளில் எடுத்துவிட்டேன். அப்பா மறந்துதான் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மை கவிதையிலும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அதைத் தெரிந்தே விட்டுவைத்தேன். அதற்கு அவருக்கு நன்றி.

பாராட்டு மட்டுமே வரும் வாட்ஸப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். கும்பிடும் கைகளை வைத்து ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

பழைய வடிவங்களை வைத்திருக்க வேண்டுமா?

கண்டிப்பாக. போனில் அதே கோப்பில் அழித்து அழித்து எழுதினால், வெட்டிய சைக்கிள் திரும்ப வராது. எனக்குத் திரும்பக் கிடைத்தது நோட்டில் எழுதியதால்தான். எலிசபெத் பிஷப்பின் 'ஒரு கலை' என்ற புகழ்பெற்ற கவிதைக்குப் பதினேழு வரைவுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இழப்பைப் பற்றிய அந்தக் கவிதை எப்படிப் படிப்படியாக இறுகியது என்பதை அவற்றை வைத்துத்தான் இன்று படிக்க முடிகிறது. தாகூரோ அடித்த வரிகளையெல்லாம் கோடிழுத்து இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் ஆக்கிவிடுவார். அவர் ஓவியராவதற்கு அதுவும் ஒரு வழியாக இருந்தது.

அச்சில் வந்த கவிதையைத் திருத்தலாமா?

உங்கள் கவிதை, திருத்தலாம். ஆனால் வாசகர் கையில் இருப்பதை வாங்க முடியாது. மரியன் மூர் தன்னுடைய 'கவிதை' என்ற கவிதையை 1967இல் மூன்றே வரியாகச் சுருக்கினார். நீளமான வடிவத்தையும் குறிப்புப் பகுதியில் சேர்த்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். கவிஞர் ஆடன், 1939 செப்டம்பர் முதல் நாளைப் பற்றிய கவிதையில் 'ஒருவரையொருவர் நேசித்தாக வேண்டும், இல்லையேல் சாவோம்' என்று எழுதியதைப் பின்னாளில் பொய் என்று கருதினார். நேசித்தாலும் சாகத்தானே போகிறோம்? 'நேசித்தாக வேண்டும், சாகவும் வேண்டும்' என்று மாற்றிப் பார்த்தார். கடைசியில் கவிதையையே தன் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். வாசகர்கள் அவர் முதலில் எழுதிய வரியைத்தான் வைத்துக்கொண்டார்கள். தர்க்கப்படி ஆடன் சரி. ஆனால் போர் தொடங்கிய நாளில் ஒரு மனிதன் சொன்ன வார்த்தை அது. பின்னால் வந்த அறிவை முன்னால் நின்ற மனிதன் வாயில் திணிப்பது எனக்கு ஒப்பவில்லை.

எவ்வளவு திருத்தியும் சரியாகவில்லை என்றால்?

விடுங்கள். ஆனால் கிழிக்காதீர்கள். அதில் ஒரு வரி வேறொரு கவிதைக்காகக் காத்திருக்கலாம்.

எப்போது நிறுத்துவது?

காலையில் எடுத்த காற்புள்ளியை மாலையில் திரும்பப் போட்டால் நிறுத்திவிடலாம் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'காலை ஷிப்டு' பத்திரிகையில் வந்தபோது அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். பதினோரு வருஷம் சரிதானா என்று விரலில் எண்ணிப் பார்த்தார். அப்புறம், "கடைசில அப்படியில்ல கண்ணு. 'சித்த படுங்க'ன்னு சொல்லுவேன்" என்றார்.

சித்த. கொஞ்ச நேரம். சங்கு இன்னும் ஊதவில்லை, ஊதினால் எழுப்புகிறேன், அதுவரை. அந்தச் சொல்லை எத்தனையோ விடியலில் கேட்டும் நான் தவறவிட்டிருக்கிறேன். பத்திரிகைப் பிரதியிலேயே பேனாவால் சேர்த்தேன்.

"இன்னும் ஊதலீங்க.
சித்த படுங்க."

அதற்குப் பிறகு அந்தக் கவிதையைத் தொடவில்லை.